பாரணையில்தான் விரதம் நிறைகிறது

குழந்தையின் கரப்பானுக்கு உணவுதான் காரணமா? கண்டறியும் முறையும், காக்க வேண்டிய எச்சரிக்கையும்

மார்கழி மாதத்து விடியற்காலை. தீபாராதனை முடிந்து, தொன்னைகளில் சூடான சர்க்கரைப் பொங்கல் வழங்கப்படுகிறது. பாட்டியின் இடுப்பில் அமர்ந்திருக்கும் ஒன்றரை வயதுக் குழந்தை ஆவலோடு கை நீட்டுகிறது. அந்தப் பிஞ்சுக் கையின் முழங்கை மடிப்பில் தோல் சிவந்து, வெடித்து, நீர் கசிந்துகொண்டிருக்கிறது. தாய் விரைந்து வந்து கையைப் பற்றிக்கொள்கிறார்.

“வேண்டாம் அத்தை, நெய் சேர்ந்திருக்கிறது.”

“பெருமாள் பிரசாதம் குழந்தையை ஒன்றும் செய்யாதம்மா.”

இருவரும் குழந்தையின் நலனையே நாடுகின்றனர். இருவர் மனமும் நோகிறது. இடையில் குழந்தை அழுகிறது.

இது ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் வரலாறு அன்று. கரப்பான் கண்ட குழந்தை உள்ள எந்த இல்லத்திலும் நிகழக்கூடிய காட்சியாக இதைக் கொள்ளலாம். இப்படிப்பட்ட வீட்டில் விலக்கல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். முதலில் பாட்டி, கரப்பான் பண்டம் என்று கத்தரிக்காயை நிறுத்துவார். அண்டை வீட்டார் கோதுமையைக் காட்டுவார்கள். உறவினர் ஒருவர் துவரம் பருப்பு சூடு என்பார். மற்றொருவர் பாலைச் சொல்வார். நிறுத்தப்பட்ட எதுவும் மீண்டும் இலைக்கு வராது. முடிவில் ரசம் சோறு மட்டும் எஞ்சும். குழந்தையின் எடை மாதக்கணக்கில் ஏறாமல் நிற்கும். அரிப்போ அப்படியே இருக்கும்.

தாய் சொல்வது சரியா, பாட்டி சொல்வது சரியா என்ற வினாவுக்கு விவாதத்தால் விடை கிடைக்காது. அதற்கென்று ஒழுங்கான ஒரு முறை உண்டு. ஐயத்துக்குரிய உணவைக் குறித்த காலம் விலக்கி, பின்னர் மீண்டும் கொடுத்துப் பார்த்து அறியும் முறை அது. ஏகாதசி விரதம் அறிந்த குடும்பங்களுக்கு அதன் அமைப்பு எளிதில் விளங்கும்.

தோலே முதல் கோட்டை

மருத்துவர்கள் எக்சிமா என்றும், அடோபிக் டெர்மடைட்டிஸ் என்றும் குறிப்பிடும் இந்தத் தோல் அழற்சியின் வேர் பெரும்பாலும் உணவில் இல்லை. தோலின் காப்பு அரணில் உள்ளது. நலமான தோல், செங்கல்லும் சாந்தும் கொண்டு கட்டிய மதில் போன்றது. உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடாது. வெளியிலுள்ள கிருமியையும் தூசியையும் உள்ளே விடாது. அந்த மதிலை உறுதிப்படுத்தும் புரதங்களுள் ஒன்று ஃபிலாக்ரின். அதற்குரிய மரபணுவில் உள்ள குறைபாட்டுக்கும் எக்சிமாவுக்கும் வலுவான தொடர்பு இருப்பதை ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டு வெளிப்படுத்தினர். சாந்து பெயர்ந்த மதிலைப் போலத் தோல் வறண்டு விரிசல் காண்கிறது, அரிப்பு பிறக்கிறது, சொறியச் சொறிய விரிசல் பெருகுகிறது.

ஆகவே எந்த உணவையும் நிறுத்தும் முன்பு தோலைப் பேண வேண்டும். வெதுவெதுப்பான நீரில் ஐந்து முதல் பத்து நிமிடக் குளியல், நறுமணம் சேராத மென்மையான சோப்பு, துடைத்த ஈரம் காய்வதற்குள் தாராளமாக ஈரப்பசைக் களிம்பு, சிவந்து அழன்ற இடங்களில் மருத்துவர் குறித்த ஸ்டீராய்டு களிம்பு குறித்த நாட்கள் வரை. இவற்றை நாள் தவறாமல் செய்தாலே பெரும்பாலான குழந்தைகளுக்குத் தோல் தணிந்துவிடுகிறது. அவர்களுக்கு எந்த உணவையும் விலக்க வேண்டிய தேவை எழுவதில்லை.

மிதமான அல்லது கடுமையான எக்சிமா உள்ள இளங்குழந்தைகளுள் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கு உணவு ஒவ்வாமையும் சேர்ந்திருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஒவ்வாமை இருப்பதனாலேயே அந்த உணவுதான் தோலைக் கெடுக்கிறது என்றும் முடிவு கட்ட இயலாது. 2022இல் பத்து மருத்துவ ஆய்வுகளை ஒருங்கே சீர்தூக்கிப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு, உணவு விலக்கலால் எக்சிமாவில் கிடைக்கும் பயன் சிறிதளவே என்று கண்டது. எல்லாக் குழந்தைகளுக்கும் உரிய மருந்தாக விலக்கலைக் கருத இயலாது என்பதே இதன் பொருள்.

யாரை ஐயுறுவது?

உணவுக்கு உடல் காட்டும் எதிர்வினை இருவகைப்படும். ஒன்று உடனடியானது: உண்ட சில நிமிடங்களில் இருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடலெங்கும் தடிப்பு, உதடும் கண்ணிமையும் வீங்குதல், வாந்தி, மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றும். மற்றொன்று தாமதமானது: ஆறு மணி நேரம் முதல் இரண்டு நாள் வரை கழித்துக் கரப்பான் கிளர்ந்தெழும். முதல் வகையைத் தாயின் கண்ணே கண்டுவிடும். இரண்டாவதுதான் குடும்பத்தைக் குழப்புவது. திங்கட்கிழமை உண்டது புதன்கிழமை வெளிப்படுமாயின், செவ்வாய்க்கிழமை உண்ட குற்றமற்ற உணவு பழியேற்கும்.

இதற்கு உதவுவது ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம். குழந்தை உண்டவை, நேரம், தோலின் நிலை, உறக்கம், அணிந்த உடை, வெயில், வியர்வை, சளி, காய்ச்சல் ஆகியவற்றை மூன்று நான்கு வாரங்கள் எழுதிவர வேண்டும். மருத்துவருக்கு இந்தக் குறிப்பேடு பல சோதனைகளைவிடப் பயன் தரும். உலகெங்கும் இளங்குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் ஒவ்வாமை உணவுகள் பசும்பால், முட்டை, வேர்க்கடலை, கோதுமை, சோயா, முந்திரி போன்ற கொட்டைகள், மீன் ஆகியவை. இந்தியாவில் கொண்டைக்கடலை ஒவ்வாமையும் பதிவாகியுள்ளது. குறிப்பேட்டில் மீண்டும் மீண்டும் தென்படும் ஓர் உணவையே ஐயுற வேண்டும், எல்லாவற்றையும் அன்று.

தோலில் துளி வைத்துக் குத்திப் பார்க்கும் சோதனையும், இரத்தத்தில் ஐஜிஇ என்னும் எதிர்ப்புப் பொருளை அளக்கும் சோதனையும் மருத்துவர் ஐயத்தை உறுதிசெய்ய உதவும். ஆயினும் அவை சாட்சிகளே, தீர்ப்பு அன்று. சோதனையில் நேர்மறை வந்தும் அவ்வுணவை மகிழ்ச்சியாக உண்டு நலமாக வாழும் குழந்தைகள் பலர். நூறு உணவுகளுக்கு ஒரே வேளையில் விடை தருவதாக விற்கப்படும் ஐஜிஜி இரத்தப் பரிசோதனைகளை ஒவ்வாமை மருத்துவ அமைப்புகள் பரிந்துரைப்பதில்லை. உண்ட உணவை உடல் அறிந்திருக்கிறது என்பதை மட்டுமே அவை காட்டுகின்றன.

சங்கல்பம், நியமம், பாரணை

விரதத்துக்கு மூன்று அங்கங்கள் உண்டு. எதற்காக, எத்தனை நாள் என்று உறுதி பூணுவது சங்கல்பம். இடையில் வழுவாமல் காப்பது நியமம். உரிய வேளையில் உணவேற்று நிறைவு செய்வது பாரணை. ஏகாதசியில் உபவாசம் இருந்தவர் துவாதசியில் பாரணை செய்யாவிடில் விரதம் நிறைவடைவதில்லை. விலக்கி அறியும் உணவுமுறையும் அவ்வாறே.

சங்கல்பம்: மருத்துவரின் துணையோடு ஐயத்துக்குரிய ஓர் உணவைத் தேர்ந்து, விலக்கும் நாளையும் முடிக்கும் நாளையும் முன்னரே குறித்துக்கொள்ள வேண்டும். பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்கள் போதும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட, புட்டிப்பால் அருந்தும் சிசுக்களுக்கு எக்சிமா கடுமையாக இருந்தால் மருத்துவர் ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை சிறப்புப் பால்மாவைப் பரிந்துரைப்பதுண்டு. இக்காலத்தில் களிம்பு, குளியல், சோப்பு எதையும் மாற்றக் கூடாது. இரண்டை ஒருங்கே மாற்றினால் எதனால் பயன் விளைந்தது என்பது புலப்படாது.

நியமம்: விலக்கிய உணவு மறைந்தும் உள்ளே வரக் கூடாது. இங்கேதான் நம் சமையலறை பல வியப்புகளை வைத்திருக்கிறது. பாலை விலக்கினால் தயிர், மோர், வெண்ணெய், பனீர், கோவா ஆகியவற்றையும் விலக்க வேண்டும். உறை ஊற்றுவதால் பாலின் ஒவ்வாமைப் புரதம் அழிந்துவிடுவதில்லை. நெய்யிலும் அப்புரதம் சிறிதளவு தங்கியிருக்கும். பசும்பால் ஒவ்வாத குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் ஒவ்வாது. கோதுமையை விலக்கினால் சப்பாத்தியோடு ரவை, சேமியா, மைதாவும் நீங்க வேண்டும். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்திலும் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். ரசத்தில் இட்ட ஒரு சிட்டிகை, மூன்று வார முயற்சியைக் குழப்பிவிடலாம். பொட்டலங்களில் பால், கோதுமை, சோயா, வேர்க்கடலை, முட்டை, மீன், கொட்டைகள் முதலியவை உள்ளனவா என்பதை அச்சிட வேண்டும் என இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிகள் கூறுகின்றன. அந்தச் சிறிய எழுத்துகளைப் படிக்கும் பழக்கம் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் வர வேண்டும்.

பாரணை: குறித்த நாள் வந்ததும், தோல் தணிந்திருந்தால், விலக்கிய உணவை மீண்டும் கொடுத்துப் பார்க்க வேண்டும். தோல் தணிந்ததே போதும், மறுபடியும் ஏன் விஷப்பரீட்சை என்று தோன்றுவது இயல்பு. ஆனால் கரப்பான் தானாகவே ஏறியும் இறங்கியும் வருவது. பருவம் மாறினாலே தணியும். மீண்டும் கொடுத்தபோது கிளர்ந்து, நிறுத்தியபோது அடங்கினால்தான் அந்த உணவின் மீதுள்ள குற்றம் உறுதியாகும். சிறிதளவில் தொடங்கிச் சில நாட்களில் வழக்கமான அளவுக்கு உயர்த்தி, சுமார் ஒரு வாரம் தோலைக் கவனிக்க வேண்டும். விலக்கிய காலத்திலேயே தோல் மாறவில்லை எனில் அந்த உணவு குற்றமற்றது. அதையும் தாமதமின்றித் தட்டுக்குத் திருப்ப வேண்டும்.

நம் மருத்துவ மரபிலும் பத்தியத்தோடு மறுபத்தியம் என்ற சொல் உண்டு. மருந்துக்காலம் முடிந்தபின் படிப்படியாக வழக்கமான உணவுக்குத் திரும்பும் ஒழுங்கு அது. விலக்கியதை மறவாமல் திருப்பித் தர வேண்டும் என்ற அறிவு நம் இல்லங்களுக்குப் புதிதன்று, இடையில் மறந்துபோனதே.

பாரணை தவறினால்

இந்த மறதிக்கு விலை உண்டு. நாள்தோறும் உண்ணும் உணவை உடல் தனதென்று ஏற்றுப் பழகுகிறது. நீண்ட காலம் விலக்கினால் அந்தப் பழக்கம் குலையலாம். உணவால் எக்சிமா தூண்டப்பட்ட 298 பிள்ளைகளைப் பற்றி 2016இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு இதைத் தெளிவாக்கியது. முன்பு உடனடி எதிர்வினை எதுவும் இல்லாதிருந்தவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, விலக்கல் தொடங்கியபின் புதிதாக உடனடி எதிர்வினை தோன்றியது. அவ்வாறு தோன்றியவர்களுள் சுமார் 30 விழுக்காட்டினருக்கு அது அனாபிலாக்சிஸ் என்னும் உயிருக்கு ஆபத்தான நிலையாக இருந்தது. தோலைக் காக்க நிறுத்திய உணவு, திரும்ப வரும்போது மூச்சைத் தாக்கிய நிலை அது.

ஆகவே சோதனையில் நேர்மறை கண்ட உணவையும், முன்பு உடனடி எதிர்வினை தந்த உணவையும், மாதக்கணக்கில் நிறுத்திய உணவையும் வீட்டில் தாமாகவே கொடுத்துப் பார்க்கக் கூடாது. வசதியுள்ள மருத்துவமனையில், மருத்துவர் கண் முன்னால்தான் கொடுக்க வேண்டும். எப்போதாயினும் உணவுக்குப் பின் குழந்தைக்கு மூச்சுத் திணறல், குரல் கம்முதல், தொடர் வாந்தி, துவண்டு விழுதல் ஆகியவை கண்டால் கைவைத்தியத்தில் காலம் கடத்தாமல் உடனே 108 ஊர்தியை அழைக்க வேண்டும்.

மற்றொரு விலை ஊட்டக்குறைவு. எக்சிமா இருந்த, பால் ஒவ்வாது என்று கருதப்பட்ட ஏறத்தாழ இரண்டு வயதுக் குழந்தைக்குப் பாலுக்கு மாற்றாக அரிசிப் பானம் கொடுத்துவந்ததில், உடல் வீங்கும் கடும் புரதக் குறைபாடு ஏற்பட்டதை அமெரிக்க மருத்துவர்கள் 2001இல் பதிவு செய்தனர். வளர்ந்த நாட்டின் வசதியான இல்லத்திலும் இது நேரும். எனவே ஒன்றை எடுத்தால் அதற்கு ஈடாக ஒன்றை வைக்க வேண்டும். பால் நீங்கிய தட்டில் கேழ்வரகுக் கூழ், பருப்பு, கீரை இடம்பெறலாம். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உள்ளது. இளங்குழந்தைக்கு இவை மட்டும் போதுமா, சிறப்புப் பால்மாவும் தேவையா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். தேங்காய்ப் பால் சுவைக்கு உதவும். பாலின் புரதத்தையும் சுண்ணாம்பையும் ஈடு செய்யாது. மாதந்தோறும் எடையும் உயரமும் குறிக்கப்பட வேண்டும். தாய்ப்பால் அருந்தும் குழந்தைக்காகத் தாயும் பத்தியம் இருக்க நேர்ந்தால் அதுவும் குறித்த காலத்துக்கே. தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.

மேலே பூசும் உணவு

உணவு வாய் வழியே மட்டும் உடலுக்குள் செல்வதில்லை. விரிசல் கண்ட தோலின் வழியே நுழையும் உணவுப் புரதத்தை உடல் பகைவன் என்று பதிவு செய்துகொள்ள வாய்ப்பு மிகுதி என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். வேர்க்கடலை எண்ணெய் சேர்ந்த களிம்புகளைத் தோல் அழற்சியின் மீது பூசிய குழந்தைகளிடம் வேர்க்கடலை ஒவ்வாமை மிகுந்திருந்ததை 2003இல் பிரிட்டிஷ் ஆய்வு கண்டது. கடலை மாவும் பயத்த மாவும் தேய்த்துக் குளிப்பாட்டுவது நம் வழக்கம். நலமான தோலுக்கு அது ஏற்றதாக இருக்கலாம். வெடித்த தோலுக்கு வேண்டாம்.

வாய் வழியே உரிய காலத்தில் பழக்குவதோ காப்பாக அமைகிறது. கடுமையான எக்சிமா அல்லது முட்டை ஒவ்வாமை இருந்த 640 சிசுக்களை வைத்து லண்டனில் நடந்த லீப் ஆய்வின் முடிவு 2015இல் வெளியாயிற்று. முதல் ஆண்டிலேயே வேர்க்கடலை உணவைத் தொடர்ந்து உண்டவர்களிடம், ஐந்து வயதில் அதன் ஒவ்வாமை 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தது. அத்தகைய சிசுக்களுக்கு மருத்துவரைக் கலந்து, முழுக் கடலையாக அன்றிக் குழைத்த விழுதாகத் தொடங்க வேண்டும். பயந்து ஒதுக்குவது எப்போதும் பாதுகாப்பு ஆகாது.

மீண்டும் அந்தச் சந்நிதியில்

தொடக்கத்தில் கண்ட குடும்பம் இம்முறையைப் பின்பற்றினால் எப்படியிருக்கும்? மருத்துவர் முதலில் தோலைக் கவனிக்கிறார். சோதனையில் மாசற்றவை என்று கண்ட கத்தரிக்காயையும் பருப்பையும் கோதுமையையும் தட்டுக்குத் திருப்புகிறார். நான்கு வாரங்களில் தோல் பாதி தணிகிறது. குறிப்பேடும் சோதனையும் பாலைச் சுட்டுகின்றன. மூன்று வாரம் பால் நீங்குகிறது. முழங்கை மடிப்பு ஆறுகிறது. இடையே மாசி மகத்தன்று மட்டும் கழுத்தும் முதுகும் சிவக்கின்றன. கோயிலில் ஏதோ உண்டுவிட்டது என்று தாய் பதறுகிறார். குறிப்பேட்டைப் புரட்டினால் அன்று உண்டது வீட்டு இட்லி மட்டுமே. கூட்டத்தில் மூன்று மணி நேரம் வியர்வையோடு சரிகைப் பாவாடை அணிந்திருந்ததே காரணம் என்பது புலப்படுகிறது. பின்னர் மருத்துவமனையில் பால் மீண்டும் கொடுக்கப்படுகிறது. உடனடியாக ஒன்றும் நேரவில்லை; இரண்டாம் நாள் மடிப்புகள் சிவக்கின்றன. நிறுத்தியதும் ஒரு வாரத்தில் அடங்குகின்றன. இப்போது விடை தெளிவு.

பாட்டி சொன்னதில் கத்தரிக்காய் பொய்த்தது; தாய் அஞ்சியதில் நெய் மெய்யாயிற்று. எனினும் யாரும் தோற்கவில்லை. நான்கு உணவுகள் விலக்கப்பட்டிருந்த இடத்தில் இப்போது ஒன்றே ஒன்று. அதுவும் என்றென்றைக்கும் அன்று. பால் ஒவ்வாத குழந்தைகளுள் பெரும்பாலோர் வளர வளர அதைக் கடந்துவிடுகின்றனர். ஆண்டுக்கொரு முறை மருத்துவர் மறுபடியும் பார்ப்பார்.

அதுவரை பிரசாதம்? சர்க்கரைப் பொங்கலிலும் பஞ்சாமிர்தத்திலும் லட்டிலும் நெய் உண்டு; பாலாபிஷேகத் தீர்த்தத்தில் பால் உண்டு. தேன் சேர்ந்த எதையும் ஒரு வயது நிறையாத எக்குழந்தைக்கும் தரலாகாது. ஆனால் அர்ச்சனைத் தட்டில் வாழைப்பழமும் தேங்காயும் இருக்கின்றன, துளசி இருக்கிறது, நெற்றியில் இட விபூதியும் குங்குமமும் இருக்கின்றன, நெற்றித்தோல் நலமாக இருந்தால். இலையோ பூவோ கனியோ நீரோ அன்போடு தந்தால் ஏற்பவன் இறைவன் என்று கீதை சொல்கிறது. அவன் தருவதும் அவற்றுள் ஒன்றாக இருக்கலாகாதா?

பங்குனி உத்திரத்தன்று பாட்டி வீட்டிலேயே தேங்காய்ப் பால் விட்டுச் சர்க்கரைப் பொங்கல் செய்கிறார். சுவாமிக்கு நிவேதித்து, வாழையிலைத் துண்டில் சிறிது எடுத்து ஆற வைக்கிறார். குழந்தை கை நீட்டுகிறது. இம்முறை அந்தக் கையை யாரும் பிடித்து நிறுத்தவில்லை.